புயல்தீவு இரண்டாம் பாகம்

நாகர்கோவில் வீடியோ கேம் கடையொன்றில் தரை துடைக்கும் தங்கபுஷ்பத்துக்கு, 'புயல்தீவு' இரண்டாம் பாகம் என்றால் உயிர். தினமும் வேலை முடிந்ததும் அதைத்தான் விளையாடுவாள். முதல் பாகம் போல இதில் சண்டை இல்லை என்று மற்றவர்கள் எல்லாரும் திட்டினார்கள்.

ஒரு நாள் பிரபல கேம் விமர்சகர் மகிழ்வண்ணன் கடைக்கு வந்து, அந்த விளையாட்டைக் காட்டி, "இந்தக் குப்பையை முதல்ல தூக்கி எறியுங்க" என்றார். முதலாளியும் தலையாட்டினார்.

தங்கபுஷ்பம் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "கடைசியில கிழவன் படகை எரிக்கிறானே, அதுகூடவா சார் பிடிக்கலை?" என்று கேட்டாள்.

"அதுதான் படுமோசம்!"

"அவன் எரிக்கவே இல்லை சார். அதுல ஏறி மகளைப் பார்க்கப் போறான்."

கடையே சிரித்தது. விமர்சகர் முகம் தொங்கிப்போனது. அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒரு தடவை விளையாடிட்டுத் திட்டுங்க" என்றாள்.

மூன்று மணி நேரம் கழித்து முதலாளி, "சாப்பிட வரலையா சார்?" என்றார்.

"சும்மா இருங்கய்யா, கிழவன் இன்னும் மகள் வீட்டுக்குப் போய்ச் சேரலை" என்றார் மகிழ்வண்ணன்.