சேர்மக்கனியைக் கூப்பிடாத ஆட்டம்

"நான் என்ன தப்பு பண்ணுனேன்?"

சேர்மக்கனி ஹாக்கி மட்டையை விசிறி எறியவில்லை. மெதுவாகத்தான் கீழே வைத்தாள். எறிந்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது பார்த்தவர்களுக்கு.

பயிற்சியாளர் ஜெபசெல்வி பெஞ்சுக்கு அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இதான். எப்பவும் இதான். நல்லா ஓடிட்டு இருக்கும்போது வெளிய கூப்பிடுவ. ஏன்னு கேட்டா பாட்டிலை நீட்டுவ. எனக்கென்ன விக்கலா எடுக்குது?"

பெஞ்சில் இருந்த பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சின்னவள் பிரிஸ்காவுக்கு மட்டும் அடக்கத் தெரியவில்லை.

"குடிங்கக்கா" என்றாள் ஜெபசெல்வி.

உண்மையிலேயே அக்காதான். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் ஜெபசெல்வி மூன்று வகுப்பு இளையவள். மட்டையைப் பிடிக்கக் கற்றதே சேர்மக்கனியிடம். பிறகு முழங்கால் போய், பயிற்சியாளர் படிப்புப் படித்து, அந்த அக்காவுக்கே கோச்சாக வந்து உட்கார்ந்தாள். குரு வயதில் மூத்தவராக இருக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் விதித்ததாகத் தெரியவில்லை. அந்த விதியைச் சீடர்கள்தான் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் சேர்மக்கனி ஒரு தாளோடு வந்தாள்.

"மதுரை அணியில என்னைக் கேக்குறாங்க. போறேன். ஆட்சேபனை இல்லைன்னு இந்த என்.ஓ.சி.ல கையெழுத்துப் போடு."

"ஏன் போறீங்க?"

"ஒரு ஆட்டமாவது முழுசா ஆட விடுறியா? விடுற நேரத்துலயும் 'மேல போ, கீழ வா, வலது, இன்னும் வலது'ன்னு கத்திக்கிட்டே இருக்க. ரிவர்ஸ் எடுக்குற லாரிக்குக் கிளீனர் சொல்ற மாதிரி. நான் லாரியா?"

பழைய கதைகளில் குரு இந்த இடத்தில் புன்னகை செய்வார். ஜெபசெல்விக்கு அன்று கடைவாய்ப் பல்லில் வலி. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

சேர்மக்கனிக்கு ஏமாற்றமாகிவிட்டது. சண்டைக்கு நிறையத் தயாரித்து வந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மதுரையோடதானே நட்பு ஆட்டம்?" என்றாள் ஜெபசெல்வி.

"ஆமா. அவங்க மேலாளர் என்னைப் பாக்கத்தான் வாராரு. கடைசி வரைக்கும் தாங்குவேனான்னு தெரியணுமாம். நீ விட்டாத்தானே தெரியும்?"

"விடுறேன். அன்னைக்கு உங்களைக் கூப்பிட மாட்டேன். யாரையுமே கூப்பிட மாட்டேன். வாயே திறக்க மாட்டேன்."

"சவாலா?"

"நீங்க கேட்டதுதான்க்கா."

ஹாக்கியில் யாரை வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே வந்தவள் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போகலாம். ஒரே நிபந்தனை: போகிறவள் நடுக்கோட்டருகே வெளியேறிய பிறகுதான் வருகிறவள் கால் வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வெளியேறவில்லை.

ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே சேர்மக்கனி கோல் அடித்தாள். அடித்த கையோடு பெஞ்சைப் பார்த்தாள். ஜெபசெல்வி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மேகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பகுதியில் கேலரியிலிருந்த மதுரை மேலாளர் கை தட்டினார். சேர்மக்கனிக்குச் சிறகு முளைத்தது.

மூன்றாவதில் மதுரை சமன் செய்தது. சேர்மக்கனிக்கு வாய் உலர்ந்தது. பெஞ்சில் மாற்று ஆட்டக்காரிகள் வரிசையாக, பந்தி எப்போது போடுவார்கள் என்று காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசிப் பகுதியில் வலதுபுறம் ஓட்டை விழுந்தது. அங்கே ஆடிய பிரிஸ்காவைத் தாண்டி மதுரைக்காரிகள் ஒருமுறை போனார்கள். மறுபடியும் போனார்கள். பிரிஸ்கா ஓடாமலில்லை. பந்து போன பிறகு போய்ச் சேர்ந்தாள். அவளோ பறந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள், முகத்திலேயே தெரிந்தது.

"ஜெபா! பிரிஸ்காவை எடு!" என்று கத்தினாள் சேர்மக்கனி.

மேகம்.

"ஏ ஜெபா, உன்னைத்தான்!"

ஜெபசெல்வி மறு கன்னத்துக்குக் கையை மாற்றிக்கொண்டாள்.

"நாசமாப் போச்சு. பிரிஸ்கா, வெளிய போ! இசக்கி, நீ உள்ள வா! மேல போ இசக்கி, மேல! கீழ வா! வலது, இன்னும் வலது..."

மதுரை கோல்கீப்பர் முகமூடிக்குள் சிரித்தாள். அப்போதுதான் சேர்மக்கனிக்குத் தன் குரல் காதில் விழுந்தது.

பிரிஸ்கா போகிற வழியில் மட்டையால் தரையை ஓங்கி அடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த பந்து சேர்மக்கனிக்கு வந்தது. எட்டிவிடும் தூரம். பறந்தாள். மட்டை போய் நின்ற இடத்தில் சற்று முன்புவரை பந்து இருந்தது. மதுரைக்காரி அதற்குள் அவளைத் தாண்டிப் போய்விட்டாள். தங்கள் கோல்கீப்பர் காலால் தடுத்ததால் பிழைத்தார்கள்.

எல்லைக் கோட்டுக்கு வெளியே பிரிஸ்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன் சேர்மக்கனி அவளை எப்படிப் பார்த்தாளோ, அப்படி.

கேலரியில் மேலாளர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான். நின்று காட்டினால் போதும், மதுரை அவளுக்குத்தான். அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சேர்மக்கனி பெஞ்சைப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை.

"கூப்பிட்டா மட்டும் வந்திரவா போறேன்" என்று முனகியவள், மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கேலரியே பார்க்க நடுக்கோட்டை நோக்கி ஓடினாள். வெளியேறினாள். மாற்று ஆட்டக்காரி ஒருத்தி உள்ளே பாய்ந்தாள்.

"நான் மதுரைக்குப் போறது போறதுதான்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே, ஜெபசெல்வியின் முகத்துக்கு நேராக. "அவரு வேண்டாம்னு சொன்னாலும் போவேன்."

ஜெபசெல்வி வாய் திறக்கவில்லை. கொடுத்த வாக்கு.

ஆனால் பிரிஸ்கா விடவில்லை. எதிரே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"நான் என்ன தப்பு பண்ணுனேன்?"

சேர்மக்கனிக்குச் சொல்ல எத்தனையோ இருந்தன. குனிந்தாள். பெஞ்சுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். பாதியைக் குடித்தாள். மீதியை நீட்டினாள்.

"எனக்கென்ன விக்கலா எடுக்குது?" என்றாள் பிரிஸ்கா.

பெஞ்சு மொத்தமும் சிரித்தது. நீட்டிய கையைச் சேர்மக்கனி மடக்கவில்லை.