படத்துக்குள் எவ்வளவு தூரம்

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சு பார்த்துட்டேன் டீச்சர். பிள்ளை சுவர்ல ஒட்டுன போஸ்டர் மாதிரியேதான் நிக்கான்."

சூசைமிக்கேல் மவுஸை மேஜையில் அடித்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கனத்த கை.

சாபிரா அவரைவிட இருபது வயது இளையவள். ஃப்ளெக்ஸ் கடை மாடியில், கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்தக் கற்றுக்கொடுக்கிறாள். அவருடைய கோபம் அவளுக்குப் பழகியிருந்தது.

திரையில் அவர் மகன் லியோன். கடலுக்கு முன்னால், மணலில் நின்றான். போன வருஷம் இறந்துபோனவன்.

"படத்தை விட்டு வெளிய வர்ற மாதிரி இருக்கணும். இப்படித் தட்டையா இருந்தா வீட்டுல மாட்ட மாட்டேன்."

பிள்ளையைத் தனியாக வெட்டி எடுத்திருந்தார். கடலை மங்கலாக்கியிருந்தார். காலடியில் புதிதாக ஒரு நிழலும் வைத்திருந்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

"முதல்ல எடுத்த படத்தைத் திறங்க அண்ணாச்சி."

திறந்தார். படத்தின் கீழ் ஓரத்திலிருந்து நீளமாக ஒரு நிழல் கிளம்பி, மணல்மேல் படுத்து, லியோனின் பாதம் வரை வந்திருந்தது.

"இது எங்க போச்சு?"

"அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"அசிங்கமா இருந்துச்சு."

"படம் எடுத்தவங்க நிழல்லா இது. யாரு எடுத்தா?"



"அவன் அம்மா."

சொன்னதுமே அவருக்கு ஆத்திரம் பொங்கியது. படுக்கையை விட்டு அசையக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிள்ளை. அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குத் தூக்கிப் போயிருந்தாள் பனிமயம். அதற்கப்புறம் ஒரு மாதம்கூட அவன் இருக்கவில்லை. அடக்கம் முடிந்த கையோடு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினவர்தான். இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"நிக்க முடியாத பிள்ளையை நிறுத்தி வச்சு போட்டோ எடுத்திருக்கா! பக்கத்துல நின்னு புடிச்சுக்கக்கூட மனசு வரல!"

சாபிரா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படத்துல ஆழம்னா தூரம்தான் அண்ணாச்சி. இவங்க எவ்வளவு தூரத்துல நின்னாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேளுங்க."

"செத்தாலும் கேக்க மாட்டேன்!"

"அப்ப கேட்டுட்டு வாங்க." சாபிரா எட்டி மானிட்டரை அணைத்தாள்.

"படத்தைத் திருத்தச் சொல்லிக்குடுங்கன்னா குடும்பத்தையா நோண்டுதீங்க?"

அவர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, படி அதிர இறங்கினார்.

தெருவுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. யாரையாவது கத்தித் தீர்க்க வேண்டும். விரல் தானாக அந்த எண்ணைத் தேடி அழுத்தியது. பனிமயம் உடனே எடுத்துவிட்டாள்.

"ஏன்டி அவ்வளவு தள்ளி நின்ன?"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கே, எப்போது என்று அவள் கேட்கவில்லை.

"கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். அவன்தான் உதறிவிட்டான். 'தள்ளிப் போம்மா, இன்னும் தள்ளிப் போ. நான் தனியா நிக்கேன்னு அப்பாவுக்குத் தெரியணும்'னான்."