பம்பைக் கரடி போட்ட ஓட்டு

ஐரோப்பாவில் ஒரு பனிமலை அடிவாரம். அங்கே ஒரு குளம். குளத்துக்குக் கிழக்கே ஒரு காடு, மேற்கே ஒரு காடு. இரண்டு காட்டு விலங்குகளுக்கும் கால்பந்து என்றால் உயிர்.

ஒவ்வோர் ஆண்டும் கடைசி ஆட்டம் முடிந்ததும் ஓட்டெடுப்பு நடக்கும். சிறந்த ஆட்டக்காரருக்கு வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்துக் குகை பரிசு. குளிர்காலம் முழுக்க அதில் கதகதப்பாக இருக்கலாம்.

அந்த ஆண்டு போட்டி இருவருக்குள். ஒன்று, சுடரன் என்ற மான். கிழக்குக் காட்டுக்காக ஒன்பது கோல் போட்டிருந்தது. மற்றது நீலி என்ற நீர்நாய். மேற்குக் காட்டின் கோல் காவலாளி. மூன்று குட்டிகளுக்குத் தாய்.

கடைசி ஆட்டத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பம்பை என்ற கரடி, ஓட்டு வாங்கும் காகத்திடம் வந்தது.

“பனி விழுந்தால் நான் தூங்கிவிடுவேன். என் ஓட்டை இப்போதே வாங்கிக்கொள்!”

“உனக்கு மட்டும் எப்படி? சரி, எல்லாரும் இப்போதே போடலாம்!” என்றது காகம்.

மரத்தில் இரண்டு பொந்துகள். ஆளுக்கொரு கொட்டையைப் போட வேண்டும். பம்பை யோசிக்கவே இல்லை. “ஒன்பது கோல்!” என்று சொல்லி மானின் பொந்தில் போட்டது. அதைப் பார்த்து மற்ற விலங்குகளில் பெரும்பாலானவையும் அப்படியே போட்டன.

அந்த ஆண்டு பனி தாமதித்தது. பம்பையும் கடைசி ஆட்டம் பார்க்க வந்தது.

கிழக்குக்கும் மேற்குக்கும் ஆட்டம். சுடரன் மூன்று முறை அடித்தது. மூன்றையும் நீலி பாய்ந்து தடுத்தது. மூக்கில் ரத்தம் வழிந்தும் நகரவில்லை. சுடரனுக்குக் கோபம் வந்தது. பந்தைக் குளத்துக்குள் உதைத்துவிட்டு வெளியேறியது. நீலி குளத்தில் குதித்துப் பந்தை எடுத்து வந்தது.

“ஆட்டம் இன்னும் முடியவில்லை! வாருங்கள்!”

பம்பைக்குத் தன் ஓட்டு நினைவுக்கு வந்தது. ஆட்டம் முடிந்ததும் காகத்திடம் ஓடியது.

“என் கொட்டையைக் கொடு! நீலிக்குப் போட வேண்டும்!”

“இதில் எது உன்னுடையது?”

பம்பை பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. எல்லாம் ஒரே நிறம். மோந்து பார்த்து ஒன்றை எடுத்தது.

“ஐயோ, அது என்னுடையது!” என்று கத்தியது அணில்.

“இல்லை, என்னுடையது!” என்றது முயல்.

“நான் யாருக்குப் போட்டேன்?” என்று முள்ளம்பன்றி எல்லாரையும் கேட்டுக்கொண்டே திரிந்தது.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. காகம் இறக்கையை விரித்து எல்லாரையும் விரட்டியது. “போட்டது போட்டதுதான்!” என்று எண்ணத் தொடங்கியது. மானுக்கு அறுபத்தொன்று. நீர்நாய்க்கு நான்கு.

சுடரன் குகைக்குப் போனது. ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. நீலி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கிளம்பியது. பம்பை அதன் முன்னால் போய் நின்றது.

“நீலி, இப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை!”

“அப்படியா அண்ணே? பிறகு ஏன் எனக்குப் போடவில்லை?”

பம்பை திரும்பி மானின் பொந்தைப் பார்த்தது.

ஆட்டம் முடியும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுபவர், உண்மையைக் கண்ணால் கண்ட பிறகும் அதற்கு உதவ முடியாமல் நிற்பார்.