இஸ்திரி அறையில் தியானம்

அந்தப் பனியன் கம்பெனியின் இஸ்திரி அறையில் மின்விசிறி கிடையாது. வெக்கையில் தங்கப்பொண்ணு மயங்கி விழுந்த அன்று, மேனேஜர் கிருபாகரன் வந்து பார்த்தார். பௌத்த தியானம் பழகியவர் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

"புழுக்கம் உடம்புக்குத்தான், மனசுக்கு இல்லை. மூச்சைக் கவனிங்க, எந்த உணர்ச்சியும் தானாப் போயிரும்னு புத்தர் சொல்லியிருக்கார். இனிமே விசிறி வேணும்னு எவளும் வாயைத் திறக்கக் கூடாது."

தங்கப்பொண்ணின் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பவளக்கொடி எழுந்தாள்.

"எங்களுக்கு அது பிடிபடலீங்க சார். நீங்க ஒருக்கா உக்காந்து காட்டுனா பழகிக்குவோங்க."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இஸ்திரி மேசையருகே சம்மணமிட்டுக் கண்ணை மூடினார். பெண்கள் ஆவி பறக்கத் தேய்த்தார்கள். சட்டை தொப்பலாக நனைந்ததும் துள்ளி எழுந்தார்.

"கதவைத் திறங்கடி, மூச்சு முட்டுது!"

"அந்த மூச்சைத்தான் கவனிக்கணுங்க சார்," என்றாள் பவளக்கொடி. "புத்தர் தன் வலியைப் பார்த்தாருங்க. அடுத்தவளைப் பொறுத்துக்கச் சொல்லலீங்க."

அறையே சிரித்தது.

அடுத்த வாரம் மின்விசிறி வந்தது. மனக்கட்டுப்பாடு இல்லாதவள் என்று பவளக்கொடியை அதற்குள் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். விசிறிக்கடியில் நின்ற ஒருத்தியும், தங்கப்பொண்ணுகூட, ஏன் என்று கேட்கவில்லை.