பாம்பு கடிக்காத வருஷம்

மாநில பட்ஜெட்டுக்குத் தேவையைக் கேட்க, எங்க ஊர் சுகாதார நிலையத்துக்கு அதிகாரி தணிகாசலம் வந்தார். கேட்கவா வந்தார்? வெட்ட வந்தார்.

"போன வருஷம் ஒருத்தரையும் பாம்பு கடிக்கல. விஷமுறிவு மருந்துக்கு இந்த வருஷம் ஒதுக்கீடு கிடையாது."

பெரிய ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர். கடிபட்டவன் வழியிலேயே செத்துடுவான். இருபது குப்பி மருந்து கேட்டு டாக்டர் நீட்டின தாளை அதிகாரி வாங்கக்கூட இல்ல.

அவர் கிளம்பி வெளியே வந்ததும், கூட்டிப் பெருக்குற வேலுத்தாய் அக்கா, "கார் அந்தப் பக்கம் நிக்குதுங்க, இப்படிப் போனா கிட்ட" என்று முழங்கால் உயரப் புல்லைக் காட்டினாங்க.

ஒரு காலைத் தூக்கினவர், "பாம்பு இருக்குமா?" என்றார்.

"நிறைய இருக்குங்க. போன வருஷம்தான் யாரையும் கடிக்கலையே, தைரியமா நடங்க."

தூக்கின கால் இறங்கவே இல்ல. "எத்தனை குப்பி வேணும்?"

"பாம்பைக் கேட்டுச் சொல்லவா, டாக்டர் கேட்ட இருபதையே போடுறீங்களா?"

ஒத்தைக் காலில் நின்னே இருபதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.