வினாடிக்குப் பத்து மீட்டர்

சுணங்கூர்க்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அவர்களிடம் உள்ள ஒரே சிக்கல் அதுதான்.

திருமேனிக்கு முப்பத்து நான்கு வயதில் பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா நல்லதம்பி, வேம்படியில் கணக்கு வாத்தியார். அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்து. பத்தைத் தாண்டினா கல்யாணம் இல்லை, அப்படியே திரும்பிப் போயிடணும். தூரம் முப்பத்தாறு கிலோமீட்டர். மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் வேகத்துல வாங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அப்படியே ஆகட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சரியாக எட்டு மணிக்கு வேனில் கிளம்பினார்கள். ஊர் எல்லையில் பாலம். பாலத்தில் ஒரு பலகை: "வேக வரம்பு: வினாடிக்கு 10 மீட்டர்." எந்தப் புண்ணியவான் பொறியாளர் எழுதி வைத்தாரோ தெரியாது.

டிரைவர் துரைக்கண்ணு பாலத்தின் மேலேயே பிரேக் போட்டான்.

"வாத்தியார் முப்பத்தாறுன்னாரு. பலகை பத்துங்குது. யார் பேச்சைக் கேக்குறது?"

தாய்மாமன் சங்குமுத்து மீசையைத் தடவினார். ஊரில் பெரிய மனிதர். அவர் வாயைத் திறக்காமல் சுணங்கூரில் ஒரு தவறுகூட நடந்ததில்லை. "மாப்பிள்ளை, நீதான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். கணக்குப் போடு."

திருமேனி உள்ளங்கையில் எழுதினான். "வினாடிக்குப் பத்து. நிமிஷத்துக்கு அறுநூறு. மணிக்கு முப்பத்தாறாயிரம் மீட்டர். அதாவது முப்பத்தாறு கிலோமீட்டர். மாமா, ரெண்டும் ஒண்ணுதான்!"

கணக்கு சரி. சுணங்கூரில் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகுதான் வம்பு.

"இரு," என்றார் மாமா. "வினாடிக்குப் பத்து மீட்டர். ரேஷன் மாதிரின்னு சொல்லு. வாங்கினாலும் வாங்காட்டியும் நம்ம பேர்ல அது உண்டு?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"அப்போ ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தா?"

திருமேனி உள்ளங்கையைப் பார்த்தான். "முப்பத்தாறு கிலோமீட்டர் சேர்ந்திடும்."

"வேம்படி எவ்வளவு தூரம்?"

"முப்பத்தாறு."

"பிறகு எதுக்குடா டீசலைக் கொளுத்துறே? எஞ்சினை நிறுத்து!"

திருமேனிக்கு மனசுக்குள் ஏதோ இடித்தது. ஆனால் எந்த வரியில் தப்பு என்று தெரியவில்லை. வேன் நின்றது, நேரம் ஓடியது. ஒன்பது அடித்ததும் மாமா போன் போட்டார். "வாத்தியாரே, வந்து சேர்ந்துட்டோம்!"

"வாங்க, வாங்க! மண்டப வாசல்ல யாரையும் காணோமே?"

"நாங்க பாலத்து மேல இருக்கோம்."

"எந்தப் பாலம்?"

"எங்க ஊர்ப் பாலம்."

மறுமுனையில் பெண்ணின் குரல் கேட்டது: "அப்பா, அவங்க வர மாட்டாங்க. நாமளே அங்க போயிடலாம்."

மேளக்காரர், ஐயர், மாலை எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு, மணிக்கு அறுபதில் பறந்து, ஒன்பதே முக்காலுக்குப் பாலத்தில் வந்து குதித்தார் வாத்தியார். "தாலியை எடுங்கய்யா! அறுபதுல வந்தும் பதினஞ்சு நிமிஷம்தான் மிச்சம்!"

மாமாவின் முகம் தொங்கிவிட்டது. "ஐயோ, மோசம் போனோமே! நாம வேம்படிக்குப் போயிட்டோம். இவங்க சுணங்கூருக்கு வந்துட்டாங்க. வழியில தவறிட்டோம்!"

"மாமா," என்றான் திருமேனி, "பொண்ணு இங்கதான் நிக்குது." இரண்டடி தூரத்தில், மாலையும் கையுமாக, செண்பகவல்லி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு இங்க இருக்கு, சரி. நாம இங்க இருக்கோமா?"

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு டெம்போவின் படியில் உட்கார்ந்துவிட்டார். செண்பகவல்லி மாலையை மேளக்காரரிடம் கொடுத்துவிட்டு மாமாவிடம் வந்தாள்.

"பெரியப்பா, திரும்பி வந்துடுங்க. அவ்வளவுதானே?"

"ஒரு மணி நேரம் ஆகுமே தாயி!"

"பத்து நிமிஷத்துல வர்ற மாதிரி வேகத்தைக் கூட்டுங்க. வினாடிக்கு எவ்வளவு வரும்னு அவரைக் கேளுங்க."

திருமேனி வேர்த்து விறுவிறுத்துக் கணக்குப் போட்டான். அறுநூறு வினாடி, முப்பத்தாறாயிரம் மீட்டர். "வினாடிக்கு அறுபது மீட்டர்."

"அறுபதா?" என்றார் மாமா. "உங்கப்பா வந்த வேகம்தானே! வயசானவரே வந்திருக்காரு. ஏறுங்கடா எல்லாரும்!"

அது மணிக்கு இருநூற்றுப் பதினாறு கிலோமீட்டர் என்று திருமேனி மனசுக்குள் மாற்றிப் பார்த்துவிட்டான். வெளியே சொல்லவில்லை. இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பத்து நிமிடம் வேன் அசையாமல் பறந்தது. மாமா துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அத்தை ஒருத்தி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி, "மெதுவாப் போப்பா, குடலைப் புரட்டுது," என்று அழுதாள். ஒன்பது ஐம்பத்தேழுக்குத் துரைக்கண்ணு பிரேக்கை ஓங்கி மிதித்தான். "கொஞ்சம் விட்டிருந்தா ஊரைத் தாண்டிப் போயிருப்போம்!"

எல்லோரும் தள்ளாடியபடி இறங்கினார்கள். கெட்டிமேளம் கொட்ட, திருமேனி தாலி கட்டினான். மணி ஒன்பது ஐம்பத்தொன்பது. கட்டியதும் அவன் மேளக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டதைக் கண்ட செண்பகவல்லி, "வேகமா வந்தது ஒத்துக்கலையா?" என்று மெல்லக் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினான்.

அப்போதுதான் ஒரு ஒப்பாரி கேட்டது. குருநாதன் சித்தப்பா. மற்றவர்கள் வேனில் ஏறிய நேரம் அவர் கால் கழுவ ஆற்றுக்குள் இறங்கியிருந்தார். இப்போது கரையேறி வந்து மாமாவின் முன்னால் நின்று மாரில் அடித்துக்கொண்டார்.

"என்னை வேம்படியிலேயே விட்டுட்டு எல்லாரும் ஊருக்கு வந்துட்டீங்களே! முன்னப்பின்ன தெரியாத ஊர்ல நான் என்ன செய்வேன்?"

மாமா பதறிப்போனார். "அழாதேப்பா, அங்கேயே இரு. இப்பவே வேனை அனுப்புறேன். துரைக்கண்ணு! அவசரம் ஒண்ணுமில்லை, இந்த வாட்டி ஓட்டிக்கிட்டே போ."

"அவரை எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லையே மாமா," என்று தயங்கினான் துரைக்கண்ணு. "கூட்டத்துல எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

அதுவும் நியாயம்தான். ஆளை அடையாளம் காட்டத் துணைக்கு ஒருவர் வேண்டுமல்லவா? குருநாதன் சித்தப்பாவையே முன் சீட்டில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள்.