இருபத்திரண்டு சூடு

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஜெசிந்தா டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும், கோவை கணபதியில் மூடிக்கிடக்கும் ஒரு இரும்பு வார்ப்புப் பவுண்டரியின் பின்பக்கத் தகரக் கொட்டகையில், பொழுதுபோக்காக இரும்படிக்க வருகிற ஏழெட்டுப் பேருக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

சீடர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் பல் டாக்டர். ஒருவர் பேக்கரி நடத்துகிறவர். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு போனவர்கள் இரண்டு மூன்று பேர். எல்லோருக்கும் மூத்தவர் நாச்சிமுத்து. ஐம்பத்தொன்பது வயது. ஆனாலும் டீச்சர் பேச ஆரம்பித்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அந்த வாரம் தன் வீட்டுப் பட்டறையில் செய்த பொருளை ஒவ்வொருவரும் பெஞ்சின் மேல் வைக்க வேண்டும். வைத்துவிட்டு, அதைச் செய்த அன்று வீட்டில் என்ன நடந்தது என்று ஒன்று சொல்ல வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் டீச்சர் பதில் சொல்லியிருப்பாரா என்பதும் சந்தேகம்தான்.

அன்று டாக்டர், பாம்புத் தலை வைத்த பாட்டில் ஓப்பனர் கொண்டுவந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை செஞ்சது. அன்னிக்கு எனக்கே கடவாப்பல்லு வலி. இன்னொரு டாக்டர்கிட்ட போயி வாயத் தொறந்துட்டு உக்காந்திருந்தேன்."

பேக்கரிக்காரர் சட்டை மாட்டுகிற கொக்கி ஒன்றை வைத்தார்.

"இது செஞ்ச அன்னிக்குக் கடையில எரநூறு பன்னுக்கு உப்புப் போட மறந்துட்டோமுங்க. திங்கறவன் ஒருத்தன்கூடக் கண்டுபுடிக்கல. அதுதான் எனக்கு மனசு விட்டுப்போச்சு."

கொட்டகை சிரித்து ஓய்ந்ததும் நாச்சிமுத்து தன் மஞ்சள் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து வைத்தார். தாளிப்புக் கரண்டி. முழுக்க ஒரே கம்பியில் அடித்தது. குழியும் அதே இரும்பு, நீளமான பிடியும் அதே இரும்பு. ஒட்டுப் போட்ட இடம் என்று எங்கும் இல்லை. பிடியில் சடை பின்னியதுபோல ஒரு முறுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இறங்கியது.

டாக்டர் தன் பாம்பை மெல்ல ஓரமாக நகர்த்திவைத்தார்.

டீச்சர் கரண்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை சூடுங்ணா?"

இரும்பு உலைக்குள் போய்ப் பழுத்து வெளியே வந்து அடி வாங்கினால் அது ஒரு சூடு. இரும்படிக்கிறவர்களுக்கு மணிக்கணக்கு கிடையாது, சூட்டுக் கணக்குத்தான்.

"இருவத்திரெண்டுங்க டீச்சர்." சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை எட்டிப்பார்த்தது. அதைத் தடுக்க அவரால் முடியவில்லை.

"என்னைக்கு?"

"புதன்கெழமைங்க."

"வீட்டுல?"

"ஒண்ணும் விசேசமில்லீங்க."

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பதினோரு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். நாச்சிமுத்து கிளம்பவில்லை. உலைக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, கால் அவரை இறக்கிவிட்டது என்று சொல்லலாம்.

ஒன்றரை வருடமாக அவருக்கு இப்படித்தான். மனைவி கோகிலாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனது. பேச்சும் போய் ஒன்றிரண்டு சத்தங்கள் மட்டும் மிஞ்சின. பம்புசெட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் அன்றே வேலையை விட்டார். காலையில் துடைத்துவிட்டு, சோற்றைக் குழைத்து ஊட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, மருந்து கொடுத்து, மறுபடியும் ஊட்டி. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் "உன்ன மாதிரி யாரு பார்ப்பாங்க" என்று மெச்சிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் பக்கத்து வீட்டம்மா வந்து இருப்பார். மற்ற நாளெல்லாம் நாச்சிமுத்து ஒருவர்தான். அலுப்பு என்ற சொல்லே அவருக்கு இப்போது சின்னதாகப் பட்டது. தூங்கி எழுந்தாலும் போகாத ஒன்றுக்கு வேறு பேர் இருக்க வேண்டும்.

"டீச்சர், என்ற பட்டறைச் சாமானத்த நீங்களே எடுத்துக்கங்க. அடிக்கிற கல்லு, ஊதுற மிசினு, குறடு எல்லாத்தையும். ஒரு வண்டி மட்டும் அனுப்புங்க."

"ஏனுங்ணா?"

"வுட்டர்றேனுங்க."

டீச்சர் காரணம் கேட்கவில்லை. கேட்காததால் அவரே சொன்னார்.

புதன்கிழமை மதியம் கோகிலா தூங்கிவிட்டாள். நாலு மணிவரை எழுந்திருக்க மாட்டாள் என்று நினைத்து அவர் கொல்லையில் உலையை மூட்டினார். முடித்து உள்ளே போய்ப் பார்த்தபோது அவள் தரையில் கிடந்தாள். தண்ணீருக்குக் கையை நீட்டிக் கட்டிலிலிருந்து சரிந்திருக்கிறாள். புடவை நனைந்து, கன்னம் சிமெண்ட் தரையில் ஒட்டிக்கிடந்தது. நெற்றியில் நாலு தையல். திருப்பூரிலிருந்து மகள் ஓடிவந்து, "அந்தக் காயலாங்கடைய மொதல்ல தூக்கிக் கடாசுங்கப்பா" என்று கத்தினாள்.

"அவ கூப்பிட்டிருக்காளுங்க டீச்சர். கூப்பிடறதுக்குன்னு டம்ளரும் ஸ்பூனும் கட்டல்ல வெச்சிருக்கேன். எடது கையில தட்டுவா. சுத்தியல் சத்தத்துல எனக்குக் கேக்கவே இல்ல."

சொல்லிவிட்டு அவர் மூச்சு விட்டார். நாலு நாளாக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவர் வாயில் வழவழப்பாகிவிட்டிருந்தது. மகள் நம்பினாள். தையல் போட்ட டாக்டர் நம்பினார். பக்கத்து வீட்டம்மா, "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார்.

டீச்சர் மூலையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஒரு சூடு போடுங்ணா."

"இன்னிக்கு வேண்டாமுங்க. கை ஓயுது."

"ஒண்ணே ஒண்ணு."

டீச்சர் சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை. எழுந்து கம்பியை உலையில் செருகினார். கை ஊதுகுழல் மிஷினைச் சுற்றினார். தேங்காய்த்தொட்டிக் கரி கண் விழித்தது. கம்பி ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் எடுத்துக் கல்லில் வைத்து அடித்தார். கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. இருபது இருபத்தைந்து அடி. நிறம் செத்தது. மறுபடியும் கம்பியை உலையில் வைத்துவிட்டு மிஷினைச் சுற்றத் தொடங்கினார்.

டீச்சர் கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"என்ன காதுல விழுது?"

நாச்சிமுத்து சுற்றியபடியே காது கொடுத்தார்.

"பக்கத்துக் காம்பவுண்டுல குக்கர் விசிலுங்க. யாரோ ஒரு பொம்பளை மோட்டார நிறுத்தச் சொல்லிக் கத்துறாங்க. அப்புறம் ஒரு கொழந்தை."

"அழுவுதா?"

"இல்லீங்க. பாடுது."

"முன்னாடி விழலியா?"

"அடிக்கறப்ப எப்படிங்க டீச்சர் விழு..."

கை நின்றது. மிஷின் தானாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. கரியின் மேல் நீலமாக ஒரு தழல் ஆடி அடங்கியது.

"எவ்வளவு நேரமா சுத்திட்டு இருக்கீங்க?"

"நாலு நிமிசம் இருக்கும்."

"அடிச்சது?"

"அரை நிமிசம்."

டீச்சர் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. இரும்படிக்கத் தெரியாத ஊர் முழுக்க நம்பிய ஒரு கதையை, இரும்படிக்கிறவரிடம் கொண்டுவந்து சொல்லியிருக்கிறோம் என்பது நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"காதுல விழுந்துச்சுங்க," என்றார்.

தலையைத் தூக்காமலேயே தொடர்ந்தார்.

"நாலாவது சூட்டுல மொதல்ல விழுந்துச்சு. டக் டக்குன்னு. தண்ணிக்குத்தான்னு தெரியும். இந்த ஒரு சூடு முடியட்டும்னு நெனச்சேன். அப்புறம் இன்னொண்ணு. குழி அப்பத்தான் நல்லா வந்துட்டு இருந்துச்சுங்க. வுட்டா மறுபடியும் வராது."

"ம்."

"அது பொய்யுங்க. குழிக்காக இல்ல. கூப்பிட்டா ஓடோணும், கூப்பிட்டா ஓடோணும்னு ஒன்றரை வருசம். ஒரே ஒரு மத்தியானம் யாரும் கூப்பிடாத எடத்துல இருக்கோணும்னு தோணுச்சு. அவ தட்டறப்ப நான் கம்பியப் பார்த்துட்டே நின்னேன்."

கனைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"பதினஞ்சாவது சூட்டுக்கப்புறம் தட்டறது நின்னுபோச்சு. தூங்கிட்டான்னு நெனச்சேன். நிம்மதியா இருந்துச்சுங்க டீச்சர். அந்த நிம்மதியிலதான் முறுக்கு அவ்வளவு சீரா வந்துச்சு. அப்ப அவ தரையில கெடந்திருக்கா."

அதற்குப் பிறகு அவர் அழுதார். வயதான ஆண்கள் அழுகிற மாதிரி, சத்தமே இல்லாமல், மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு. டீச்சர் எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் உலையில் கிடந்த கம்பியை வெளியே இழுத்துப் போட்டார்.

அழுகை அடங்கியதும் டீச்சர் கேட்டார்.

"சத்தத்துல கேக்கலைன்னு மககிட்ட சொன்னது நீங்களாங்ணா?"

"இல்லீங்க." நாச்சிமுத்து நிமிர்ந்தார். "கோகிலாதானுங்க. மக நெவேதா என்னப் பார்த்துக் கத்துனப்ப, அவதான் எடது கையத் தூக்குனா. இப்படி."

சுத்தியல் பிடிப்பதுபோல் கையை இரண்டு முறை இறக்கிக் காட்டினார். பிறகு காதைத் தொட்டு, தலையை இல்லை என்று ஆட்டினார்.

"அப்பத்தான் எனக்கு இப்படிச் சொல்லலாம்னே தெரிஞ்சுது. அவளுக்கு அப்படித்தான் பட்டிருக்குன்னு நெனச்சுட்டேன். அதையே புடிச்சுக்கிட்டேன்."

"டம்ளரை எப்பத் தட்டுனாங்க?"

"புதன்கெழம மத்தியானந்தானுங்க."

"அதில்லைங்ணா. நீங்க அடிக்கறப்பவா? நிறுத்துனப்பவா?"

நாச்சிமுத்து பெஞ்சின் மேல் கிடந்த கரண்டியைப் பார்த்தார்.

கொல்லையில் நின்ற அந்த மதியம் மறுபடியும் அவருக்குள் ஓடியது. அடித்தது, கம்பி உலைக்குள் போனது, பிறகுதான் டக் டக். அடித்தது, உலைக்குள் போனது, டக் டக். சுத்தியல் விழும்போது ஒருமுறைகூட இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, அவர் எப்போது நிறுத்துவார் என்று காத்திருந்து காத்திருந்து தட்டியிருக்கிறாள்.

"நிறுத்துனப்புறந்தானுங்க," என்றார். குரல் அவருக்கே எட்டவில்லை. "ஒவ்வொரு வாட்டியும்."

வெளியே அந்தக் குழந்தை இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து கரண்டியை எடுத்துப் பைக்குள் போட்டார். எழுந்தார். பக்கத்து வீட்டம்மா கிளம்புகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"எப்ப வண்டி அனுப்பறீங்க டீச்சர்?"

"வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க. அனுப்பறேன்."

"அவகிட்டப் போயி நான் என்னன்னுங்க சொல்றது?"

"காதுல விழுந்துச்சுன்னு சொல்லுங்க."

"அதுதான் அவளுக்குத் தெரியுமேங்க."

டீச்சர் உலையில் மிச்சமிருந்த தணலை ஓரமாகத் தள்ளினார்.

"தெரியும்ணா. ஆனா அது நீங்க சொல்லித் தெரிஞ்சதில்ல."